புரொய்லருக்கு ஊசி எங்கே போடுகிறார்கள்?

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஞாயிறு காலை கோழிக்கடை வரிசையில் நின்றால் இந்தக் கதை கட்டாயம் காதில் விழும். போன கிழமை எனக்கு முன்னால் நின்ற அன்ரி ஒருவர், தன் பேத்தி பத்து வயதிலேயே பெரியபிள்ளையாகிவிட்டாள் என்றும், "எல்லாம் இந்த ஊசி போட்ட கோழியால வந்த வினை" என்றும் சொல்லிக்கொண்டே ஒன்றரைக் கிலோ வெட்டச் சொன்னார். வெட்டிய தம்பி மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "தோல் எடுக்கவா அன்ரி?" என்று மட்டும் கேட்டான்.

நான் மட்டக்குளியில் பின்வளவில் கோழி வளர்க்கிறேன். ஊர்க்கோழி பதினாலு நிற்கிறது. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை பத்துப் புரொய்லர் குஞ்சும் வாங்கி விடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்காமல் போவதில்லை. ஒன்று, "ஊசி நீங்களே போடுவீங்களா?" மற்றது, "இதிலேயே ஒரு சேவலையும் பேட்டையும் விட்டால் குஞ்சு எடுக்கலாம்தானே, ஏன் காசு குடுத்து வாங்குறீங்க?" இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஊசிக் கதை

இறைச்சிக்கென்று வளர்க்கிற புரொய்லர் வேகமாகப் பெருக்க அதற்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள் என்பதுதான் கதை. முதலில் கணக்கைப் பார்ப்போம். புரொய்லரின் ஆயுள் 35 முதல் 42 நாள். ஒரு கொட்டகையில் ஐயாயிரம் நிற்கும். வளர்ச்சி ஹோர்மோன் என்பது ஒரு புரதம். தீனோடு கலந்து கொடுத்தால் மீன் துண்டு செரிப்பதுபோல அதுவும் வயிற்றில் செரித்துப் போய்விடும். எனவே ஊசியாகத்தான் போடவேண்டும், அதுவும் ஒரு தடவை போட்டால் போதாது. ஐயாயிரம் கோழியைத் திரும்பத் திரும்பப் பிடித்து ஊசி குத்த ஆள் வைத்தால், அந்த ஆளின் சம்பளத்திலேயே கோழியின் லாபம் போய்விடும். பிடிக்கிற பயத்தில் கோழி தீன் எடுக்காமல் மெலிவது வேறு.

இந்தக் கதைக்கு வேரே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் செயற்கைப் பெண் ஹோர்மோன் குளிகை ஒன்றை வைத்தார்கள். இறைச்சி மிருதுவாகவும் கொழுப்பாகவும் வர அது உதவியது. 1959இல் அங்கே அதை நிறுத்திவிட்டார்கள். குளிகை போய் அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, கதை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோழிக்கு "மருந்து போடுகிறார்கள்" என்று ஆட்கள் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் தடுப்பூசியை. பெயரில்தான் ஊசி இருக்கிறது. ராணிக்கெட், கம்போரோ ஆகிய நோய்களுக்கு எதிரான மருந்தை அநேகமாகக் கண்ணில் ஒரு சொட்டாக விடுவார்கள், அல்லது குடிதண்ணீரில் கலந்து வைப்பார்கள். நான் வைக்கிறதும் அப்படித்தான். ராணிக்கெட் வந்தால் இரண்டு மூன்று நாளில் கூடு காலி, அதனால் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது ஹோர்மோன் இல்லை, அன்டிபயோட்டிக். நோய்க்கு அதைக் கொடுத்தால் கடைசி மருந்து நாளிலிருந்து இத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கலாம் என்று போத்தலில் போட்டிருக்கும். அதைக் காத்திருப்புக் காலம் என்பார்கள். அதை மதிக்காமல் அறுத்தால் மருந்தின் மிச்சம் இறைச்சியில் வரும். அன்ரி பயப்பட வேண்டியது இதற்குத்தான். பிள்ளைகள் முந்திப் பெரியபிள்ளையாவது அவர்களின் உடற்பருமனோடும் ஊட்டத்தோடும் தொடர்புடையது. அதை வரிசையில் நின்று அன்ரிக்கு விளக்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

இதுவரை: புரொய்லருக்கு வளர்ச்சி ஊசி போடுவதில்லை. போட்டாலும் கட்டுப்படியாகாது. பார்க்கவேண்டியது மருந்தின் காத்திருப்புக் காலத்தை.

பிறகு எப்படி இவ்வளவு பெரிதாகிறது?

விதைக்கு விடுகிற கத்தரிக்காயை நினைத்துப் பாருங்கள். செடியில் நல்ல திரட்சியான காய் ஒன்றை அம்மா பறிக்க விடமாட்டா. "அது விதைக்கு" என்பா. வருடா வருடம் இப்படியே நல்லதை விதைக்கு விட்டுவந்தால், இருபது வருடத்தில் தோட்டத்துக் கத்தரி முதல் வருடத்துக் கத்தரியாக இருக்காது. இதைத்தான் தெரிவு என்கிறோம். எந்தக் குணம் வேண்டுமோ அந்தக் குணம் கூடியதை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோராக விடுவது.

கோழிக்கும் இதையே செய்தார்கள், ஆனால் தராசோடும் கொப்பியோடும் செய்தார்கள். அமெரிக்காவில் 1948இல் "நாளைய கோழி" என்ற பெயரில் நாடளாவிய போட்டி ஒன்றின் இறுதிச் சுற்று நடந்தது. குஞ்சு வளர்ப்பவர்கள் முட்டைகளை அனுப்பவேண்டும். எல்லா முட்டைகளையும் ஒரே இடத்தில் பொரிக்க வைத்து, ஒரே தீனில் வளர்த்து, யாருடைய கோழி சதை கூடியது என்று பார்த்தார்கள். அதுவரை கோழி என்றால் பெரும்பாலும் முட்டைதான், இறைச்சி பக்கத்து வருமானம். அந்தக் காலத்துக்குப் பிறகு இறைச்சிக்கென்றே தனிக் கோழி உருவாகத் தொடங்கியது.

இதன் விளைவைக் கண்ணுக்கு முன்னால் காட்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் பழைய இனங்களை அழியவிடாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1957ஆம் ஆண்டு இனம், 1978ஆம் ஆண்டு இனம், 2005ஆம் ஆண்டின் வணிகப் புரொய்லர் ஆகிய மூன்றையும் ஒரே தீன், ஒரே கவனிப்பில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டுக் கோழி சராசரியாக 905 கிராம், 1978ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம், 2005ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். ஊசி இல்லை, மந்திரம் இல்லை. வேறாக இருந்தது பெற்றோர் மட்டும்.

உடம்புக்குள் என்ன மாறியது? முக்கியமாகப் பசி. ஊர்க்கோழி நாலு கொத்துக் கொத்திவிட்டுப் பல்லியைத் துரத்தும், மண் குளிக்கும், மதிலில் ஏறிப் பக்கத்து வீட்டை நோட்டம் விடும். புரொய்லர் தீன்பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு சாப்பிடும், களைத்தால் அதே இடத்தில் படுக்கும், எழும்பித் திரும்பவும் சாப்பிடும். போதும் என்ற உணர்வு அதற்கு நன்றாகப் பிந்தித்தான் வரும். தின்றதில் பெரும் பங்கு நெஞ்சுச் சதைக்குப் போகிறது. இதயமும் காலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. காலிழுப்பதும் வயிற்றில் நீர் கட்டுவதும் திடீரென்று விழுந்து சாவதும் அதனால்தான்.

கலப்பு: பப்பாசி விதையும் புரொய்லர் முட்டையும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். புரொய்லர்ச் சேவலும் பேடும் விட்டுக் குஞ்சு எடுத்தால் என்ன?

வீட்டில் ரெட் லேடி பப்பாசி வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வாங்கிய கன்று குட்டையாக நின்று வடிவாகக் காய்க்கும். அந்தப் பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் ஒன்று நெட்டையாகப் போகும், ஒன்று பூத்துக் காய்க்காது, ஒன்று மட்டும் தாயைப்போல வரும். விதையில் பழுது இல்லை. ரெட் லேடி ஒரு கலப்பு. இரண்டு வேறு பரம்பரை வழிகளைச் சேர்த்ததால் கிடைத்த முதல் தலைமுறை. அதன் பிள்ளைகளில் சீட்டுக்கட்டு மறுபடியும் குலைத்துப் போடப்படுகிறது.

புரொய்லரும் அப்படித்தான். வழி என்றால், பல தலைமுறையாக ஒரே குணத்துக்காகத் தனியாகப் பேணிவந்த கூட்டம். அப்பன் பக்கத்து வழியில் பார்த்தது சதையும் வளர்ச்சியும். அம்மா பக்கத்தில் வளர்ச்சியோடு முட்டையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் முட்டையிடாத தாயிடம் குஞ்சு ஏது? பொதுவாக நாலு வழிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாட்டன், பெற்றோர் என்று படி இறங்கி வருகிற கடைசிப் பிள்ளைதான் நாம் வாங்குகிற ஒரு நாள் குஞ்சு. வேறு வேறு வழிகள் சேரும்போது பிள்ளை பெற்றோரின் சராசரியை விடத் திடமாக இருக்கும். அதற்குப் பெயர் கலப்பு வீரியம்.

இந்தப் பரம்பரையின் அடியில் இருக்கிற இரண்டு பெயர்கள் கோர்னிஷ், வெள்ளைப் பிளிமத் ரொக். கோர்னிஷ் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் உருவானது, ஆனால் அதை உருவாக்கப் பயன்பட்டதில் நம் பக்கத்து அசில் சண்டைக்கோழியும் ஒன்று. அகன்ற நெஞ்சு அங்கிருந்து வந்தது. சண்டைக்கு வளர்த்த நெஞ்சு இன்றைக்குக் கொத்துரொட்டிக்குள் கிடக்கிறது.

சரி, அதையும் மீறிப் புரொய்லரை வைத்துக் குஞ்சு எடுக்கப் பார்த்தால்? நான் ஒருமுறை இரண்டு பேட்டையும் ஒரு சேவலையும் அறுக்காமல் விட்டுப் பார்த்தேன். நாலாம் மாதத்தில் சேவல் நாலு அடி நடந்துவிட்டு மூச்சு வாங்கியது. பேட்டின் மேல் ஏறவே அதனால் முடியவில்லை. ஒரு பேடு முட்டையிட முன்னமே செத்துப்போனது. பெரிய பண்ணைகளில் தாய்க்கோழிகளுக்கு அளந்து, பசியோடு நிறுத்தித்தான் தீன் போடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் வயிறாரப் போட்டிருந்தேன். அப்படியே முட்டை கிடைத்துப் பொரித்திருந்தாலும் பப்பாசிக் கதைதான். பெரிதும் சிறிதுமாகக் கலந்து வரும்.

இதுவரை: வேகம் பல தலைமுறைத் தெரிவில் வந்தது. ஒரே அளவாக வருவது வழிகளைக் கலப்பதால். அந்தக் கலப்பை வீட்டில் அப்படியே திரும்பச் செய்ய முடியாது, எனவே புரொய்லர் வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்கத்தான் வேண்டும்.

தீனைப் பற்றிக் கொஞ்சம்

தீனில்தான் ரகசியம் இருக்கிறது என்பது இன்னொரு கதை. அதில் பாதி உண்மை. புரொய்லரின் ஆரம்பத் தீனில் 22 வீதமளவு புரதம் இருக்கும், சோளமும் சோயாவும்தான் பெரும்பங்கு. சோறும் தேங்காய்ப்பூவும் போட்டு அதை வளர்த்தால் கால் வளைந்து, தோகை குலைந்து, ஒரு பரிதாபமான பிராணிதான் வரும். ஆனால் அதே தீனை ஊர்க்கோழிக்குப் போட்டால் அது புரொய்லர் ஆகாது. ஓட்டோவுக்கு 95 பெற்றோல் அடித்தால் அது வான் ஆகிவிடுமா?

ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீன் போகிறது என்பதுதான் தீன் மாற்று விகிதம். நல்ல புரொய்லரில் இது ஒன்றேமுக்கால் அளவில் நிற்கும். இரண்டு கிலோக் கோழிக்கு மூன்றரைக் கிலோ தீன். ஊர்க்கோழியை அடைத்து வைத்து முழுக்கக் கடைத் தீனில் வளர்த்தால் இதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும், பைதான் காலியாகும். அதனால் ஊர்க்கோழியைத் திறந்துவிடுங்கள், அரைவாசி தீனை அது வளவிலேயே தேடிக்கொள்ளும்.

நம் வளவில் நல்ல கோழியை எப்படி உருவாக்குவது?

எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதி இதுதான். நாங்கள் எல்லோரும் தெரிவு செய்துகொண்டுதான் இருக்கிறோம், ஆனால் தலைகீழாக.

தீபாவளி வருகிறது. கூட்டில் நாலு விடலைச் சேவல். எதை அடிப்போம்? பெரியதை. பொங்கலுக்கு அடுத்த பெரியதை. மாமா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் மூன்றாவதை. கடைசியில் யாருக்கும் போதாது என்று விடப்பட்ட நோஞ்சான் சேவல் கூட்டத்துக்குத் தகப்பன் ஆகிறது. விதை நெல்லைக் குற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பதரை விதைக்கிற வேலை. பத்து வருடம் இப்படிச் செய்துவிட்டு, "முந்தி மாதிரி ஊர்க்கோழி இப்ப இல்லை" என்று கதைக்கிறோம்.

செய்யவேண்டியது பெரிய வேலை இல்லை. பொரித்த குஞ்சுகளின் காலில் நிறக் கேபிள் டை ஒன்றைத் தளர்வாகப் போடுங்கள். கால் தடிக்கத் தடிக்க வெட்டிப் புதிதாக மாற்றவேண்டும், இல்லாவிட்டால் இறுகிப் புண்ணாகும். 16ஆம் கிழமையில் எல்லாவற்றையும் ஒரே காலையில், தீன் போட முன்னம் நிறுங்கள். நான் சமையலறைத் தராசின் மேல் பிளாஸ்டிக் வாளியை வைத்து, கோழியைப் பழைய சாரத்தில் சுற்றி இறக்குவேன். வெளிச்சம் மறைந்தால் அது பேசாமல் இருக்கும். சேவல்களைச் சேவல்களோடும் பேடுகளைப் பேடுகளோடும் ஒப்பிட்டு, கூடியவற்றை வளர்ப்புக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கறிக்கு விடுங்கள்.

எவ்வளவு கூடும்? இங்கே ஒரு சொல் தேவை, மரபுப் பங்கு. ஒரு கோழி மற்றவற்றை விடக் கனமாக இருப்பதில் ஒரு பங்கு பிறப்பால் வந்தது, மிச்சம் அதற்குத் தீன் கூடக் கிடைத்தது, முந்திப் பொரித்தது போன்ற அதிர்ஷ்டம். பிள்ளைக்குப் போவது பிறப்பால் வந்த பங்கு மட்டும். கோழியின் உடல் எடையில் அது மூன்றில் ஒன்று என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். கூட்டத்தின் சராசரி 1,000 கிராம், நீங்கள் தெரிந்தவற்றின் சராசரி 1,240 கிராம் என்றால் வித்தியாசம் 240. அதில் மூன்றில் ஒன்று 80. அடுத்த தலைமுறை சுமார் 1,080 கிராமில் நிற்கும். எண்பது கிராம் ஒரு கோழிக்காலுக்கும் காணாது. ஆனால் ஐந்து தலைமுறையில் அது தட்டில் தெரியும்.

எடையை மட்டும் பார்த்தும் கெட்டுப்போகலாம். அடை காக்காத, குஞ்சை மிதிக்கிற பேடு எவ்வளவு கனமானாலும் எனக்கு வேண்டாம். பொறுமை இல்லாதவர்கள் ரோட் ஐலண்ட் ரெட் போன்ற கனத்த இனச் சேவல் ஒன்றை ஊர்ப்பேடுகளோடு விடலாம். முதல் தலைமுறை நன்றாகவே பெருக்கும், ஆனால் அடை காக்கும் குணம் குறைந்துபோகும், பிறகு இன்குபேட்டர் தேடி அலையவேண்டும்.

சேவல் ஒன்றுக்கு எட்டுப் பத்துப் பேடு போதும். அதே சேவலை அதன் மகள்களோடு வருடக்கணக்கில் விட்டால் குஞ்சு பலவீனப்படும், ஆகவே வளர்க்கிற நாலு பேர் சேர்ந்து சேவலை மாற்றிக்கொள்வது நல்லது. இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பேடு தன் உடம்பில் சேவலின் விந்தை இரண்டு கிழமைக்கு மேலும் சேமித்து வைத்திருக்கும். புதுச் சேவல் வந்த மறுநாள் கிடைத்த முட்டையில் பழைய சேவலின் பிள்ளைதான் இருக்கக்கூடும். மூன்று கிழமை பொறுத்து அடைக்கு வைக்கவேண்டும்.

முட்டையைச் சேர்த்து வைப்பதிலும் கொழும்புக்கென்று ஒரு தொல்லை. குளிர்ந்த இடத்தில் ஒரு கிழமை வைக்கலாம் என்பார்கள். நம் வீடுகளில் 30 பாகை வெக்கை. அந்த வெக்கையில் கரு தூங்காது, அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துப்போகும். வீட்டில் குளிர்ச்சியான அறையில் கூர்முனை கீழே இருக்க வைத்து, மூன்று நாலு நாளுக்குள் அடைக்கு வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். பொரிக்க 21 நாள்.

குஞ்சும் கொழும்பு வெக்கையும்

முதல் கிழமையில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைத்துக்கொண்டு போகலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு. சில படுத்து, சில கொத்தி, சில ஓடித் திரிந்தால் கணக்குச் சரி. நம் ஊரில் பகலில் பல்பு அநேகமாகத் தேவைப்படாது.

மூன்றாம் கிழமைக்குப் பிறகு புரொய்லரின் பிரச்சினை எதிர்ப்பக்கம். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் உடம்பை ஆற்றும். காற்றே ஈரமாக இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். கொடியில் உடுப்புக் காயாத நாளில் கோழியும் ஆறாது. ஒரு சித்திரை மாதம் தகரக் கூரையின் கீழ், மதியம் தீனையும் நிறையப் போட்டுவிட்டு நான் படுத்துவிட்டேன். 35 நாள் கோழிகள். செரிக்கிற வேலையே உடம்பைச் சூடாக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் மூன்று கோழி சிறகை விரித்தபடி கிடந்தன. இப்போது பத்து மணிக்குத் தீனை எடுத்துவிடுவேன், நாலுக்குப் பிறகுதான் திரும்ப வைப்பேன். தகரத்தின் மேல் தென்னோலை, தண்ணீரில் ஐஸ்.

ஈரத்தின் இன்னொரு முகம் தரை. மரத்தூளை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் நனைந்துவிட்டது, இரத்தக்கழிச்சல் அங்கேதான் தொடங்கும். நனைந்த பகுதியை அள்ளிப் புதியதைப் போடுங்கள். மூக்கில் காரமாக ஏறுகிற மணம் வந்தால் நீங்கள் ஏற்கனவே பிந்திவிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டாம். சேவல் கூவுகிற நேரத்துக்கு அவரிடம் ஏற்கனவே ஒரு முறைப்பாடு இருக்கும்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் கூட்டில் 16ஆம் கிழமை தாண்டிய சேவல்கள் ஐந்து நின்றன. நீலக் கேபிள் டை போட்டது 1,610 கிராம், எல்லாவற்றிலும் கனம். மனைவி அதைத்தான் காட்டினா. நான் அடுத்த இரண்டைப் பிடித்துக் கொடுத்தேன். குழம்பில் இறைச்சி கொஞ்சம் குறைவு என்று வந்தவர்கள் சொன்னார்கள், உருளைக்கிழங்கு கூடப் போட்டுச் சமாளித்துவிட்டோம். நீலம் இப்போது மதிலில் நின்று கூவுகிறது.